கிளி மீன் ஓர் அமானிதம்



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனது ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய வானொலி நேயர்களே! சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியேறியபோது, இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் முற்றத்தில் என்னை நிறுத்தினார். அவர் தொழிலால் சுழியோடி. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இரவில் டோர்ச் விளக்குடனும் ஈட்டியுடனும் முருகைக் கற்பாறைகளுக்கிடையே இறங்கி மீன் குத்தி வருபவர். அன்றைய குத்பாவில் கடல்வளம் பற்றிச் சில வார்த்தைகள் கூறியிருந்தேன். அவை அவரது உள்ளத்தைத் தைத்திருக்க வேண்டும்.

“ஹஸ்ரத், மீன் ஹலால்தானே? அறுக்காத மீனும் ஹலால் என்று எங்களுக்கு ஓதித் தந்தவர்கள் நீங்கள். பிறகு எப்படி இரவில் கிளி மீன் குத்துவது பிழையாகும்?” என்று அவர் வினவினார்.

கேள்வி நியாயமானது. முற்றத்தில் நின்றபடி அரை வார்த்தையில் பதிலளித்து அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னவற்றையும், அன்று சொல்லாமல் விட்டவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் மார்க்கச் சட்டத்தைத் தெளிவாகக் கூறிவிடுகின்றேன். கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை ஸூரத்துல் மாஇதாவின் 96ஆம் வசனம் உணர்த்துகின்றது. மீன் ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுடைய இமாம்களும் ஒன்றுபட்டுள்ளனர். கிளி மீனும் மீன்தான். அதை ஹராம் என்று கூற எனக்கு எந்த உரிமையும் இல்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதைத் தடுத்துவிடுவது, அவன் தடுத்ததை ஆகுமாக்குவதைப் போன்றே பாரதூரமான குற்றமாகும். ஆகவே இவ்வுரையைக் கேட்டுவிட்டு, “மௌலவி கிளி மீனை ஹராமாக்கிவிட்டார்” என்று யாரும் சந்தையில் பேச வேண்டாம்.

ஆயினும் ஒரு பொருள் ஹலாலாக இருப்பது ஒன்று. அதை அடையும் வழி பிறருக்குத் தீங்கற்றதாக இருப்பது மற்றொன்று. தீங்கிழைத்தலும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் இல்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸை அடிப்படையாகக் கொண்டு நம் ஃபுகஹாக்கள் பெரும் சட்டவிதி ஒன்றை வகுத்துள்ளார்கள். ஆகுமான செயலாயினும் அது பொதுத் தீங்குக்கு இட்டுச் செல்லுமானால் அதனைத் தடுக்க இடமுண்டு. கிளி மீனை இரவில் குத்துவதால் யாருக்கு என்ன தீங்கு? அதை அறிய வேண்டுமாயின் அந்த மீனை அறிய வேண்டும்.

கிளியின் அலகைப் போன்ற வாயமைப்பே இம்மீனுக்கு அப்பெயரைத் தந்தது. அரபு மீனவர்கள் இதன் இனங்களை வேறு பெயர்களால் அழைத்தார்கள். பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் ஐரோப்பிய ஆய்வாளர் 18ஆம் நூற்றாண்டில் செங்கடற் பகுதிக்கு வந்து, அங்கு கண்ட மீன்களை அரபு மீனவர் வழங்கிய பெயர்களோடு எழுதி வைத்தார். 1763ஆம் ஆண்டு யமன் நாட்டில் காய்ச்சலால் அவர் இறந்துவிட, அவரது குறிப்புகள் 1775ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ‘ஹரீத்’, ‘குப்பான்’ என்ற அரபுப் பெயர்கள் அவ்வழியாகவே விஞ்ஞானப் பெயர்களுக்குள் புகுந்து இன்றளவும் நிலைத்துள்ளன. உலகின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இம்மீன்களைப் பற்றிப் படிப்பவர், செங்கடற்கரையின் ஏழை மீனவர் ஒருவரின் வாயிலிருந்து வந்த அரபுச் சொல்லையே உச்சரிக்கின்றார். அரபுக் கல்லூரியில் படித்தவன் என்ற வகையில் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருவதை மறைக்க விரும்பவில்லை. நீல நிறக் கோடுகளை உடைய ‘குப்பான்’ செங்கடலில் மட்டுமன்றி நம் இலங்கைக் கடலிலும் வாழ்கின்றது. நம் சுழியோடிகள் அதை நன்கு அறிவர்.

இதன் இருப்பிடம் முருகைக் கற்பாறை. கல் என்று நாம் அழைத்தாலும் அது கோடானுகோடி சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய மாளிகை. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியிலிருந்து உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கு ஊட்டுகின்றது; வீட்டுக்காரன் அதற்குப் புகலிடம் அளிக்கின்றான். முருகைகளின் வண்ணத்தில் பெரும் பங்கு இந்தப் பாசியால் வந்தது. சமுத்திரத்தின் அடித்தளத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கூட இப்பாறைகள் பிடிப்பதில்லை. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றை அண்டியே வாழ்வதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

ஸூரத்துர் ரஹ்மானின் 22ஆம் வசனத்தில் முத்தோடு ‘மர்ஜான்’ என்பதையும் அல்லாஹ் தன் அருட்கொடையாக எடுத்துரைக்கின்றான். மர்ஜான் என்றால் சிறு முத்து என்று முஃபஸ்ஸிர்கள் சிலரும், செந்நிறப் பவளம் என்று வேறு சிலரும் விளக்கமளித்துள்ளனர். நம் கரையோர முருகைக்கல்லும் ஆபரணமாகும் செம்பவளமும் ஒரே குடும்பமல்ல, தூரத்து உறவுதான். ஆகையால் அவ்வசனம் நேரடியாக முருகைக்கல்லைக் குறிப்பதாக வலிந்து பொருள் கொள்ள வேண்டிய தேவையில்லை.

முருகைக்கு ஒரு பகை உண்டு. அது வெளியே வளரும் கடற்பாசி. உள்ளே குடியிருக்கும் நுண்பாசி நண்பன். பாறையின் மேல் புல்லைப் போல் படரும் பாசியோ வெயிலை மறைத்து, இடத்தைப் பிடித்து, புதிய முருகைக் குஞ்சுகள் வந்து ஒட்டுவதற்கு இடமின்றிச் செய்துவிடும். அந்தப் பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவு செய்யும் வேலையே கிளி மீனுக்கு அளிக்கப்பட்டுள்ளது. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அது கொத்திக்கொண்டே இருக்கும். முருகைப் பாறைக்கருகில் நீருக்குள் தலையைத் தாழ்த்தினால் ‘கறுக் கறுக்’ என்று அது கடிக்கும் ஓசையே காதில் விழும்.

கல்லைக் கடிக்கும் பல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்! ஏறத்தாழ ஆயிரம் சிறு பற்கள் 15 வரிசைகளாக ஒன்றோடொன்று இணைந்து அந்த அலகாக அமைந்துள்ளன. முன் வரிசை தேய்ந்து உதிரும்போது பின் வரிசை முன்னே வருகின்றது. 2017ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இப்பல்லை நுணுகி ஆராய்ந்தபோது, போர்வீரர் அணியும் இரும்பு வளையச் சட்டையைப் போல் நுண்ணிய படிக இழைகள் அதில் பின்னப்பட்டிருக்கக் கண்டார்கள். பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் விட அப்பல் கடினமானது. கடித்த கல்லை அரைக்கத் தொண்டைக்குள் மற்றுமொரு பற்தொகுதி, நம் வீட்டு ஆட்டுக்கல்லைப் போல் வைக்கப்பட்டுள்ளது. உணவு உடலில் சேர, அரைபட்ட கல் வெண்மணலாகக் கழிக்கப்படுகின்றது. சுப்ஹானல்லாஹ்!

அந்த மணல் அற்பமானதன்று. பெரிய கிளி மீன் ஒன்று ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ கிராம் மணலைக் கழிக்கக் கூடியது. நம் அண்டை நாடான மாலைதீவின் வக்காரு தீவைச் சூழ்ந்த பாறைத்திட்டில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கு புதிதாக உண்டாகும் மணலில் ஏறத்தாழ 85 வீதம் கிளி மீன்களின் வயிற்றிலிருந்து வந்தது என்பது அதன் முடிவு. மாலைதீவில் நம் சகோதர முஸ்லிம்கள் வீடு கட்டி, பள்ளி கட்டி, மையித்தை அடக்கம் செய்யும் நிலத்தில் கணிசமான பங்கு இந்த மீன் அரைத்துக் கொடுத்தது. இலங்கையின் கரைமணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தது; அதனால் நம் நிலைமை மாலைதீவைப் போன்றதல்ல. ஆனால் கற்பாறை உயிரோடிருந்தால்தான் அலையின் வேகம் கரைக்கு வெளியே தணியும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவானது.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நம்மில் யார் மறப்பர்? தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவையில் உட்புகுந்த கடல் குறைந்த தூரத்தோடு நிற்க, அதற்குச் சில கிலோ மீற்றர் வடக்கே பெரலியவில் ஒன்றரைக் கிலோ மீற்றர் வரை நிலத்துள் பாய்ந்து புகைவண்டியையே புரட்டியது. பெரலியவுக்கு முன்பாக முருகைக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என 2005ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர் எழுதினார்கள். கடலடியின் அமைப்பே முக்கிய காரணம் என்று கருதுவோரும் உள்ளனர். அவ்விவாதத்தை அறிந்தோரிடம் விட்டுவிடுவோம். சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்திருந்தது என்பதை மட்டும் நினைவிற்கொள்வோம்.

இனி இந்த மீனின் இரவுக்கு வருவோம். இளைஞரின் கேள்வியின் உயிர்நாடி அங்கேதான் உள்ளது.

பொழுது சாய்ந்ததும் கிளி மீன் பாறை இடுக்கொன்றில் ஒதுங்கி உறங்கிவிடுகின்றது. இரவை ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியிருப்பதாக ஸூரத்துந் நபஃவில் அல்லாஹ் நமக்கு நினைவூட்டுகின்றான். இம்மீனினங்கள் சிலவற்றுக்கு அவன் மெய்யாகவே ஓர் ஆடையைக் கொடுத்திருக்கின்றான். செவுளருகேயுள்ள சுரப்பிகளிலிருந்து வழுவழுப்பான திரவத்தைச் சுரந்து, தன் முழு உடலையும் சூழ்ந்து கண்ணாடி போன்ற உறையொன்றைக் கட்டிக்கொண்டு அவை உறங்குகின்றன. இவ்வுறை எதற்காக என்று நெடுங்காலம் பலவாறு ஊகித்தார்கள். அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் செய்யப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒரு விடையைத் தந்தது. இரவில் வந்து இரத்தம் உறிஞ்சும் சிற்றுயிர்கள் கடலிலும் உள்ளன. உறை நீக்கப்பட்ட மீன்களில் 94 வீதமானவற்றை அவை கடித்தன. உறைக்குள் உறங்கியவற்றில் 10 வீதத்தை மட்டுமே கடித்தன. நாம் நுளம்பு வலைக்குள் உறங்குவதைப் போன்றதே இது.

அந்த வலை நுளம்பைத் தடுக்கும், ஈட்டியைத் தடுக்காது. பகலில் சுழியோடியைக் கண்டு விரைந்து மறையும் மீன், இரவில் விளக்கொளி முகத்தில் பட்டாலும் அசையாமல் கிடக்கும். ஒரு பாறையில் உறங்கும் கிளி மீன்களை, பழக்கமுள்ள ஒருவர் ஒன்று விடாமல் சில இரவுகளில் எடுத்துவிட முடியும். அவற்றிலும் கை முதலில் எதன் மீது செல்லும்? பெரியதும் பளிச்சென்ற நிறமுடையதுமான மீன் மீது. அதுவே பெரும்பாலும் ஆண் மீன். கிளி மீன்களில் அநேகமானவை மங்கிய நிறத்தில் பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பின்னரே ஒரு சில பச்சையும் நீலமுமாக நிறம் மாறி ஆணாகின்றன. ஓர் ஆண் மீனைச் சார்ந்து பல பெண் மீன்கள் வாழும் இனங்களும் உண்டு. ஆண் மறைந்தால் பெண்களில் பெரியதொன்று அவ்விடத்துக்கு மாறும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். அடுத்த அமாவாசையில் அதையும் குத்திவிட்டால், எஞ்சுவது சிறு மீன்கள் மட்டுமே. சிறு மீனின் கொத்தும் சிறியது, அது துப்புரவாக்கும் இடமும் சிறியது.

இதன் முடிவு என்னவாகும் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. ஜமெய்க்கா நாட்டில் அது நடந்தேறிவிட்டது. அங்கு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கிளி மீனையும் ஏனைய பாறை மீன்களையும் அளவின்றிப் பிடித்து வந்தார்கள். ஆயினும் பாசியை மேயக் கறுப்பு நிறக் கடல் முள்ளெலிகள் ஏராளமாக இருந்தமையால் சேதம் வெளியே தெரியவில்லை. 1983ஆம் ஆண்டில் ஒரு நோய் வந்து அவற்றைக் கூட்டங்கூட்டமாக அழித்தது. அதன் பின் மேய்வதற்கு எதுவும் இல்லை. 1977ஆம் ஆண்டில் பாறைப்பரப்பில் ஏறத்தாழ பாதியை மூடியிருந்த உயிருள்ள முருகை, 1993ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கியது. பாசி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. முருகை அழிந்த இடத்தில் மீனும் அழிந்தது. மீனவரின் பிள்ளைகளுக்குப் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதே கரீபியன் கடலிலுள்ள பெலீஸ் நாடு 2009ஆம் ஆண்டில் கிளி மீன் பிடிப்பதையே முற்றாகத் தடுத்தது.

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு கடல் வெப்பமேறி, முருகைகள் தம்முள் வாழ்ந்த பாசியை இழந்து வெளுத்தன. கல்பிட்டியின் பாறைத்திட்டில் ஆழம் குறைந்த பகுதிகள் பெரிதும் மாண்டன. திருகோணமலைப் பக்கம் அல்லாஹ்வின் கிருபையால் அப்போது பெரும்பாலும் தப்பியது. 2016ஆம் ஆண்டு மீண்டும் அவ்வெப்பம் வந்தது. கடலின் சூட்டைத் தணிக்க நம் ஊர்ச் சுழியோடியால் இயலாது. ஆனால் வெளுத்த பாறை மீண்டும் தளிர்க்க வேண்டுமாயின் அதன் மேல் பாசி படராதிருக்க வேண்டும். அதற்கு அல்லாஹ் நியமித்த வேலையாளைத்தான் நாம் இரவில் கொன்று, ஐஸ் பெட்டியில் அடுக்குகின்றோம்.

மீன் பிடிப்பதே கூடாதென்று நான் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஸவூதி அரேபியாவின் ஜீஸான் கரைக்கு அப்பாலுள்ள ஃபரஸான் தீவுகளில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ ‘ஹரீத்’ மீன்கள் கூட்டமாக ஆழங்குறைந்த குடாவுக்கு வந்து சேர்கின்றன. ஊர் மக்கள் திரண்டு அவற்றை வலைகொண்டு வளைத்துப் பிடித்து, விழாவாகவே கொண்டாடுகின்றனர். அது ஆண்டுக்கொரு முறை வரும் நிகழ்வு. இரவுக்கு இரவு ஒரே பாறையைத் துடைத்தெடுப்பதோ வேறு விடயம்.

நேயர்களே! ஸஹீஹுல் புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தினர் சீட்டுக் குலுக்கிக் கப்பலொன்றில் இடம்பிடித்தார்கள். சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீர் தேவைப்பட்டபோதெல்லாம் மேலே உள்ளவர்களைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை கொடுக்காமல், நம் பங்கிலேயே ஒரு துளையிட்டுக் கொள்வோமே என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்களை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் தப்புவர் என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இந்த ஹதீஸை நாம் மிம்பர்களில் அடிக்கடி கூறுகின்றோம். கையைப் பிடித்துத் தடுக்கும் பகுதியை அழுத்திக் கூறுகின்றோம். கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதை ஏனோ கடந்து சென்றுவிடுகின்றோம். அவர்களுக்குத் தாகம் இருந்தது. தண்ணீருக்கான வழி மேல்தட்டுக்காரர்களைக் கடந்து சென்றது.

அந்த இளைஞரிடம் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. தந்தை சுனாமியில் மௌத்தானவர். வீட்டில் தாயும் குமர்ப்பிள்ளைகள் இருவரும் உள்ளனர். ஈட்டியும் டோர்ச்சும் வாங்கச் சிறு தொகை போதும். ஈட்டித் துப்பாக்கி கொண்டு மீன் குத்துவது நம் நாட்டில் தடை என்பதையும், முருகைப் பாறையின் மேல் வலை விரிப்பதற்கும் 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி தடை உண்டு என்பதையும் அவர் அறிவார். அகப்பட்டால் தண்டம் கட்டுபவர் அவர். அவருக்குக் காற்றுச் சிலிண்டரை வாடகைக்குக் கொடுத்து, விடியுமுன் கரையில் நின்று அரை விலைக்கு மீனை எடுத்துச் செல்லும் வியாபாரி அகப்படுவதில்லை. அந்த மீனை மலிவென்று வாங்கி ஆணம் காய்ச்சி உண்ணும் நாமும் அகப்படுவதில்லை. கையைப் பிடிக்க வேண்டுமாயின் எத்தனை கைகளைப் பிடிக்க வேண்டியிருக்கின்றது என்று பாருங்கள்.

அவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான். நீங்கள் குத்திய மீனின் இறைச்சி ஹராமல்ல. ஆனால் உறங்கும் கிளி மீனை இரவில் தேடிக் குத்தும் இத்தொழில் ஊருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் தீங்கு விளைவிப்பது, நாட்டின் சட்டத்துக்கும் மாறானது. ஆகவே இதை விட்டுவிடுவது உங்கள் மீது கடமை என்றே நான் கருதுகின்றேன். இதை விடும் வரையிலும் வண்ண ஆண் மீன்களையேனும் தொடாதீர்கள். இதற்கு மாற்று வழி தேடித் தருவது எங்கள் மீது கடமை.

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. சூரைக்கும் பாரைக்கும் ஆழ்கடல் செல்லும் வள்ளக்காரர்கள் இருவரிடம், இவரைக் கூலியாளாக அன்றிப் பங்காளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டேன். ஒருவர், இரவுச் சுழியோடிகளை நம்ப முடியாதென்று மறுத்துவிட்டார். மற்றவர் வரும் பருவத்தில் பார்ப்போம் என்றார். ஸகாத் நிதியிலிருந்து ஒருவருக்கு உணவுப் பொதிக்குப் பதிலாகத் தொழிற்கருவி கொடுக்கலாமா என்ற கேள்வியைப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் வைத்துள்ளேன். தொழில் தெரிந்த ஏழைக்கு அவனது தொழிலுக்குரிய கருவிகளை ஸகாத்திலிருந்து வாங்கிக் கொடுப்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் தெளிவான இடமுண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் இதனை விரிவாக எழுதியுள்ளார்கள். இரண்டு நிர்வாக உறுப்பினர்கள் சம்மதித்துள்ளனர். ஏனையோரின் பதிலை எதிர்பார்த்திருக்கின்றோம்.

சென்ற வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் அவரை மீண்டும் கண்டேன். இரவில் கடலில் இறங்குவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு இரவுகள் இறங்கியதாகவும், உறைக்குள் உறங்கிய பெரிய மீனொன்றின் மீது விளக்கைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றதாகவும், அதைக் குத்தாமல் மேலே வந்ததாகவும் கூறினார். அடுத்த பாறையில் வேறு மீன் குத்தியதையும் அவரே சொன்னார். வள்ளக்காரரின் முடிவு வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.